மூன்று பேருக்கு ஒரு இடம்

கால்பந்து மேட்ச் தொடங்க இன்னும் நிறைய நேரம் இருக்கும்போதே கோல்கீப்பர்கள் மைதானத்துக்கு வந்துவிடுவார்கள். மற்றவர்கள் உள்ளே உடை மாற்றிக்கொண்டிருப்பார்கள். டிவியில் இதைப் பெரும்பாலும் காட்டுவதில்லை. காட்டினாலும் அதன்மேல் யாராவது பேசிக்கொண்டே இருப்பார்கள். எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கும். அன்று ஆடப்போகிற கீப்பருக்குப் பந்தை உதைத்துத் தருவது, ஓரத்தில் இருந்து கோல் முன்னால் தூக்கிக் கிராஸ் போடுவது, நல்லதாக ஒன்றைப் பிடித்தால் கை தட்டுவது எல்லாம் பெரும்பாலும் அன்று ஆடப்போகாத இன்னொரு கீப்பர். அவருடைய இடத்துக்குக் காத்துக்கொண்டிருக்கிற ஆளேதான் அவரைத் தயார் செய்து அனுப்புகிறார்.

ஸ்ட்ரைக்கருக்கு இடம் பறிபோனால் ஓரத்தில் ஆடலாம், கடைசி இருபது நிமிடம் இறங்கி ஒரு கோல் அடித்துப் பெயர் வாங்கலாம். டிஃபென்ஸில் நான்கு பேர், நடுக்களத்தில் மூன்று நான்கு பேர். கீப்பர் ஒருவர்தான். பெரிய கிளப்பில் மூன்று கீப்பர்களாவது சம்பளம் வாங்குகிறார்கள். உலகக் கோப்பைக்குப் போகிற அணி மூன்று கீப்பர்களைக் கூட்டிப்போயே ஆக வேண்டும் என்பது விதி. அடிபட்டாலோ சிவப்பு அட்டை வாங்கினாலோ ஒழிய, ஆட்டத்தின் நடுவில் கீப்பரை மாற்றுவது அபூர்வம். கோல்கீப்பரின் வாழ்க்கையில் நமக்கு விசித்திரமாகத் தெரிகிற பலதும் இந்த ஒற்றை இடத்தில்தான் போய் முட்டுகிறது என்பது என் கணிப்பு.

அர்ஜென்டினாவின் எமிலியானோ மார்டினெஸை இன்று எல்லோருக்கும் தெரியும். பெனால்டிக்கு முன்னால் அவர் காட்டுகிற சேட்டை எல்லாம் பிற்பாடு வந்த பணக்காரத்தனம். 2010ல், 17 வயதில், இங்கிலாந்தின் ஆர்சனல் கிளப்புக்கு வந்தவர் அவர். அதற்கப்புறம் பத்து ஆண்டு என்ன செய்தார் என்று பார்த்தால் ஊர் ஊராக லோன், அதாவது வேறு கிளப்புகளுக்கு இரவல்: ஆக்ஸ்ஃபோர்ட், ஷெஃபீல்ட் வென்ஸ்டே, ராதர்ஹாம், வுல்வ்ஸ், ஸ்பெயினில் கெட்டாஃபே, திரும்பவும் இங்கிலாந்தில் ரெடிங். ஒவ்வொரு இடத்திலும் புது டிஃபெண்டர்கள், புது கோச். திரும்பி வந்தால் ஆர்சனலில் இன்னொருவர் நின்றுகொண்டிருப்பார். 2020 ஜூனில் பிரைட்டனுக்கு எதிரான ஆட்டத்தில் முதல் கீப்பர் பெர்ன்ட் லெனோவுக்கு முட்டியில் அடிபட்டது. மார்டினெஸ் இறங்கினார். ஆறே வாரத்தில் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை அவர் கையில். செப்டம்பரில் ஆஸ்டன் வில்லா வாங்கிக்கொண்டது. தேசிய அணிக்கு முதல் ஆட்டம் 2021 ஜூனில், 28 வயதில். அடுத்த மாதமே தென் அமெரிக்க நாடுகளுக்கான கோபா அமெரிக்கா அரையிறுதியில் கொலம்பியாவின் மூன்று பெனால்டிகளைத் தடுத்தார். 2022 டிசம்பரில் உலகக் கோப்பை இறுதி ஆட்டம், கூடுதல் நேரமும் முடிந்து காயத்துக்கான நிமிடங்கள் ஓடிக்கொண்டிருந்தபோது பிரான்ஸின் கோலோ முவானி தனியாக எதிரே வந்து உதைத்த பந்தை இடது காலை நீட்டித் தடுத்தாரே, அது பத்து ஆண்டு பெஞ்சில் இருந்த மனிதரின் கால்.

லெனோவின் முட்டிக்கு அன்று ஒன்றும் ஆகாமல் இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று யோசிப்பதில் பலனில்லை. ஆனால் கீப்பர்கள் இதை யோசிக்காமல் இருக்க முடியாது. தினமும் கூடப் பயிற்சி செய்கிறவர், சொல்லப்போனால் நண்பர், அவருக்கு அடிபட்டால்தான் தனக்கு வழி. இந்தச் சங்கடத்தை வெளியே காட்டிக்கொள்ளாமல் வருடக்கணக்கில் ஓட்ட வேண்டும்.

சோவியத் கீப்பர் லெவ் யாஷினுக்கும் இப்படித்தான் நடந்தது. ஆண்டின் சிறந்த கால்பந்து வீரருக்கான பலோன் டோர் விருதை வாங்கிய ஒரே கோல்கீப்பர், 1963ல். அவர் டைனமோ மாஸ்கோவின் முதல் அணிக்கு 1950ல் வந்து, சரியாக ஆடாமல், மறுபடி ஓரங்கட்டப்பட்டார். அலெக்சி கோமிச் என்ற பெரிய கீப்பர் அங்கே இருந்தார். யாஷின் காத்திருந்த காலத்தில் ஐஸ் ஹாக்கியில் கோல் காத்தார். 1953ல் அந்த விளையாட்டில் சோவியத் கோப்பையையே ஜெயித்தார். அதே ஆண்டுதான் கால்பந்தில் இடம் கிடைத்தது. ஹாக்கியோடு நின்றிருந்தால் நமக்கு அவர் பெயரே தெரிந்திருக்காது.

இந்த ஒற்றை இடத்தின் கொடுமையையும் வேடிக்கையையும் சேர்த்துப் பார்க்க வேண்டுமானால் இங்கிலாந்தின் செல்சி கிளப்பில் கேப்பாவும் மெண்டியும் இருந்த காலத்தைப் பார்க்கலாம். கேப்பா அரிசபலாகாவை 2018ல் செல்சி வாங்கியது சுமார் 8 கோடி யூரோவுக்கு. அதற்குமுன் எந்தக் கீப்பருக்கும் யாரும் அவ்வளவு கொடுத்ததில்லை. 2001ல் இத்தாலியின் கீப்பர் பஃபோனுக்காக யுவென்டஸ் கிளப் கொடுத்த 5 கோடி யூரோவுக்கு மேற்பட்ட தொகை, யூரோ கணக்கில் பதினேழு ஆண்டு முறியாமல் இருந்து அந்தக் கோடையில்தான் முறிந்தது. எதுவார் மெண்டியின் கதை நேர் எதிர். 2014ல் பிரான்ஸின் மூன்றாம் டிவிஷனில் ஷெர்பூர் கிளப் அவரை விட்டுவிட்டது. 22 வயது. ஒரு ஆண்டு முழுக்க எந்தக் கிளப்பும் இல்லை; வேலையில்லாதவர்களுக்கான உதவித்தொகையில் ஓட்டினார். மார்சேயில் நான்காவது கீப்பராகச் சேர்த்துக்கொண்டார்கள். நான்காவது! அங்கிருந்து ரேம்ஸ், ரென். முன்னாள் செல்சி கீப்பர் பெட்ர் செக் அப்போது செல்சி நிர்வாகத்தில் இருந்தார். அவரும் ஒரு காலத்தில் ரென்னில் ஆடி அங்கிருந்து செல்சிக்கு வந்தவர்தான். 2020ல் மெண்டியை வாங்கினார்கள். 8 கோடி யூரோ கீப்பர் பெஞ்சுக்குப் போனார். அந்த சீசனில் ஐரோப்பிய கிளப்புகளுக்கான சாம்பியன்ஸ் லீகில் மெண்டி ஒன்பது ஆட்டங்களில் ஒரு கோல்கூட விடவில்லை. கோப்பையும் வந்தது.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்னும் சுவாரஸ்யம். பெனால்டி ஷூட்அவுட்டில் கேப்பா கெட்டிக்காரர் என்று கோச் டூகல் நம்பினார். 2021 ஆகஸ்டில் ஐரோப்பிய சூப்பர் கோப்பை ஆட்டத்தில், வில்லாரியலுக்கு எதிராக, கூடுதல் நேரம் முடியும் தறுவாயில் மெண்டியை எடுத்துவிட்டுக் கேப்பாவை இறக்கினார். கேப்பா இரண்டு பெனால்டிகளைத் தடுத்து ஜெயித்துக் கொடுத்தார். ஆறு மாதம் கழித்து லீக் கோப்பை இறுதி ஆட்டம், லிவர்பூல் எதிரணி. அதே வேலையை மறுபடி செய்தார் டூகல். இந்தமுறை ஒன்றைக்கூடத் தடுக்க முடியவில்லை. இரண்டு அணியிலும் பத்துப் பத்துப் பேர் அடித்து, பத்தும் பத்தும் கோல். மிச்சம் இருந்தது கீப்பர்கள் மட்டும். லிவர்பூலின் கெல்லஹர் அடித்தார், கோல். அவரும் முதல் கீப்பர் ஆலிசனுக்கு மாற்றாக அன்று ஆடியவர். கேப்பா அடித்த பந்து கம்பத்துக்கு மேலே பறந்தது. இணையம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் ஒரு மனிதனை இரண்டு மணி நேரம் உட்காரவைத்து, உடம்பு இறுகிப்போன நிலையில் எழுப்பி, நேராகக் கோலுக்குள் நிறுத்திவிட்டு, கடைசியில் பந்தையும் அவனையே அடிக்கச் சொன்னால் வேறு என்னதான் நடக்கும்?

சரி, நிற்கிறவர் என்ன செய்கிறார்?

ஒன்றும் செய்யவில்லை என்றுதான் தோன்றும். கோல் 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம். கோட்டிலேயே நின்றால் இரண்டு ஓரமும் திறந்து கிடக்கும். அதனால் நல்ல கீப்பர் பந்து நகர நகர தானும் ஓரிரு அடி நகர்ந்துகொண்டே இருப்பார். முன்னால் வர வரப் பந்துக்குக் கோல் சின்னதாகத் தெரியும். ரொம்ப வந்துவிட்டால் தலைக்கு மேலே தூக்கிப் போட்டுவிடுவார்கள். இந்தச் சின்ன நகர்வுகளில்தான் பாதி வேலை. அப்புறம் வாய். கிராஸ் வரும்போது யார் போகிறார்கள், யார் விடுகிறார்கள் என்று கத்துவது கீப்பர்தான், ஏனென்றால் ஆட்டம் முழுவதையும் முகம் பார்த்து நிற்பவர் அவர் ஒருவரே. எதிராளி உதைக்கிற நொடியில் இரண்டு பாதமும் தரையில் அசையாமல் இருக்க வேண்டும் என்பது கீப்பர்களின் பால பாடம். ஒரு கால் அந்தரத்தில் இருந்தால் அந்தப் பக்கம் பாய முடியாது. அடுத்தமுறை ஒரு சுலபமான பந்து கோலுக்குள் போவதைப் பார்த்தால், ரீப்ளேயில் கையைப் பார்க்காதீர்கள், காலைப் பாருங்கள். தப்பு பெரும்பாலும் அங்கே இருக்கும்.

இதனால்தான் பறந்து பறந்து பிடிக்கிறவர்மேல் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு. சரியான இடத்தில் நின்றிருந்தால் அவர் பறக்க வேண்டியே இருந்திருக்காது. ஆனால் பறந்தால்தான் பெயர்.

கையுறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. உள்ளங்கைப் பக்கம் மெத்தென்ற லேடெக்ஸ் நுரை. அது காய்ந்திருந்தால் வழுக்கும், லேசாக ஈரமாக இருந்தால்தான் பந்து ஒட்டும். கீப்பர்கள் அடிக்கடி கையில் துப்பிக்கொள்வதும், கோல் பக்கத்தில் தண்ணீர் பாட்டிலும் துண்டும் கிடப்பதும் அதற்குத்தான். பிடி நன்றாக இருக்கிற கையுறை சீக்கிரம் தேயும். சில ஆட்டங்களிலேயே உள்ளங்கை உரிய ஆரம்பிக்கும். விரல்கள் அதைவிட மோசம். வயதான கீப்பர்களின் கையைப் பார்த்தால் ஒரு விரல்கூட நேராக இருக்காது.

பெனால்டி பற்றி இஸ்ரேல் ஆய்வாளர்கள் சிலர் 2007ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. முன்னணிப் போட்டிகளில் அடிக்கப்பட்ட 286 பெனால்டிகளை எடுத்துப் பார்த்தார்கள். ஏறத்தாழ 29 சதவீதப் பந்துகள் நடுவில் வந்தன. கீப்பர் நடுவிலேயே நின்றது 6 சதவீதம் சொச்சம்தான். பதினொரு மீட்டரில் இருந்து மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் வருகிற பந்து அரை நொடிக்கும் குறைவில் கோலுக்குள் இருக்கும்; பார்த்துவிட்டுப் பாய நேரமில்லை, முன்கூட்டியே முடிவு செய்தாக வேண்டும். அப்படி இருக்க, நடுவில் நிற்பதும் ஒரு முடிவுதானே, அதை ஏன் எடுக்கமாட்டேன் என்கிறார்கள்? நின்று கோல் விட்டால் மரம் மாதிரி நின்றான் என்பார்கள். பாய்ந்து விட்டால் பாவம், முயற்சி செய்தான் என்பார்கள். பின்னால் ஒருவர் இடத்துக்குக் காத்துக்கொண்டிருக்கும்போது எந்தப் பேச்சை வாங்குவது நல்லது என்று கீப்பருக்குத் தெரியும்.

பழி என்றால் பிரேசிலின் மொவாசிர் பார்போசாவைச் சொல்லாமல் முடியாது. 1950 ஜூலை 16, மரக்கானா, உருகுவேக்கு எதிரான ஆட்டம். டிரா செய்தாலே பிரேசிலுக்கு உலகக் கோப்பை. 1-1 என்று இருந்தபோது, 79ஆம் நிமிடத்தில், கிஜ்ஜியா வலது ஓரத்தில் ஓடிவந்து கம்பத்துக்கும் பார்போசாவுக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் அடித்துவிட்டார். கீப்பர் பக்கத்துக் கம்பத்தைக் காக்கவில்லை என்று ஐம்பது ஆண்டு திட்டினார்கள். ஆனால் அதற்குச் சற்று முன்னால் விழுந்த முதல் கோலைப் பாருங்கள்: இதே கிஜ்ஜியா, இதே ஓரம், நடுவில் நின்ற ஸ்கியாஃபினோவுக்குப் பந்தைக் கொடுத்தார், கோல். இரண்டாம் முறை அவர் அதே பாதையில் வரும்போது அதே பாஸை எதிர்பார்த்து ஓரடி முன்னால் வந்தது எந்த வகையில் முட்டாள்தனம்? என்னைக் கேட்டால் அது சரியான கணிப்பு, விளைவுதான் தவறாகிப்போனது. பார்போசா 2000ல் இறந்தார். பிரேசிலில் எந்தக் குற்றத்துக்கும் அதிகபட்ச தண்டனை முப்பது ஆண்டுதான், நான் ஐம்பது ஆண்டாக அனுபவிக்கிறேன் என்று கடைசிக் காலத்தில் அவர் சொல்லும்படி ஆனது.

எல்லோருக்கும் அவ்வளவு பெரிய துயரம் அமைவதில்லை. ஸ்காட் கார்சன் என்று ஒருவர். 2007 நவம்பரில் குரோயேஷியாவுக்கு எதிராக இங்கிலாந்து கோலில் நின்றார். எட்டாவது நிமிடத்தில் தூரத்தில் இருந்து வந்த பந்து கையில் பட்டு உள்ளே போனது. 3-2 தோல்வி; ஐரோப்பிய நாடுகளுக்கான யூரோ 2008 போட்டிக்கு இங்கிலாந்து தகுதி பெறவில்லை. 22 வயது அவருக்கு. அதற்கப்புறம் பல கிளப்புகளில் ஒழுங்காக ஆடி, கடைசியில் 2019ல் மான்செஸ்டர் சிட்டிக்கு மூன்றாவது கீப்பராகப் போனார். ஆறு சீசன்களில் ஆடியது இரண்டே ஆட்டம். 2005ல் இஸ்தான்புல்லில் லிவர்பூல் சாம்பியன்ஸ் லீக் ஜெயித்தபோதும் பெஞ்சில் இருந்தார். 2023ல் அதே இஸ்தான்புல்லில் சிட்டி ஜெயித்தபோதும் பெஞ்சில் இருந்தார். உட்கார்ந்தே சம்பாதித்தவர் என்று கேலி செய்கிறார்கள். தினமும் காலையில் உலகத்தின் சிறந்த வீரர்கள் அடிக்கிற பந்துக்கெல்லாம் பாய்ந்து விழுந்து, சனிக்கிழமை ஆட்டம் இல்லை என்று தெரிந்தே மறுபடி திங்கள்கிழமை வருகிறவரை அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உடம்பைப் பற்றிச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். 1956 எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தில் மான்செஸ்டர் சிட்டியின் பெர்ட் டிரவுட்மன் எதிராளியின் காலில் பாய்ந்து விழுந்து, கழுத்தெலும்பு முறிந்த நிலையிலேயே ஆடி முடித்தார். வீரம்தான். ஆனால் அந்தக் காலத்தில் மாற்று வீரரே கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எலும்பு முறிந்ததே சில நாள் கழித்துத்தான் தெரிந்தது. மேலே சொன்ன பெட்ர் செக்குக்கு 2006 அக்டோபரில் ரெடிங்குக்கு எதிரான ஆட்டம் தொடங்கியதுமே எதிராளியின் முட்டி பட்டு மண்டையோடு உடைந்தது. மூன்று மாதம் கழித்துத் தலைக்கவசத்தோடு வந்தவர், 2019ல் ஓய்வு பெறும்வரை அதைக் கழற்றவில்லை. அன்று அவருக்குப் பதிலாக இறங்கியவர் கூடிச்சினி. ஒரு காலத்தில் செல்சியின் முதல் கீப்பர். 2004ல் செக் வந்ததும் இடம் போனவர். அவரும் அதே ஆட்டத்தில் மோதி மயங்கி விழ, கடைசியில் டிஃபெண்டர் ஜான் டெர்ரி கையுறை மாட்டிக்கொண்டு நின்றார்.

மனசு இதைவிடக் கஷ்டம். 2003-04 வாக்கில், 25 வயதைத் தாண்டிய பருவத்தில், உலகின் மிக விலை உயர்ந்த கீப்பராக இருந்த பஃபோன் மனச்சோர்வில் சிக்கினார். பிற்பாடு அவரே அதை வெளிப்படையாகச் சொன்னார். மீண்டு வந்து 2006ல் உலகக் கோப்பை ஜெயித்தார். ஜெர்மனியின் ராபர்ட் என்கே மீளவில்லை. நோயை வெளியே தெரியாமல் பல ஆண்டு மறைத்தே ஆடினார். 2009 நவம்பரில், 32 வயதில், தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அடுத்த உலகக் கோப்பையில் ஜெர்மனியின் கோலில் நிற்கக்கூடியவர்களில் ஒருவராக அப்போது அவர் இருந்தார். வெளியே சொன்னால் இடம் போய்விடுமோ என்ற பயம் எந்த ஆட்டக்காரருக்கும் உண்டு. இருப்பதே ஒரு இடம் என்கிறபோது அந்தப் பயம் இன்னும் எவ்வளவு இறுக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

சிலருக்கு இடம் போவது அவர்கள் தப்பால்கூட இல்லை, ஆட்டமே மாறிவிடுவதால். 1992ல் வந்த விதி: தன் அணிக்காரர் காலால் தட்டிவிடுகிற பந்தைக் கீப்பர் கையால் எடுக்கக் கூடாது. அதுவரை கை மட்டும் இருந்தால் போதும் என்று வளர்ந்த ஒரு தலைமுறைக்குத் திடீரென்று கால் வேண்டியதாயிற்று. அந்த மாற்றம் முற்றியது 2016ல், கார்டியோலா மான்செஸ்டர் சிட்டிக்கு கோச்சாக வந்தபோது. ஜோ ஹார்ட் அங்கே இரண்டு லீக் பட்டம் வென்றவர், இங்கிலாந்தின் முதல் கீப்பர், 29 வயது. பந்தைத் தடுப்பதில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. பாஸ் கொடுப்பதில் கோச்சுக்குத் திருப்தியில்லை. கிளாடியோ பிராவோவைக் கொண்டுவந்தார்கள், பிராவோ சரிப்படவில்லை, மறு ஆண்டு எடர்சனை வாங்கினார்கள். எடர்சன் காலில் பந்து இருந்தால் அது யார் பந்து என்று எதிரணிக்கே சந்தேகம் வரும். ஹார்ட் லோனில் இத்தாலி போய், லண்டன் போய், கடைசியில் ஸ்காட்லாந்தில் செல்டிக்கில் பட்டங்கள் ஜெயித்து 2024ல் கௌரவமாக விடைபெற்றார்.

இத்தனைக்கும் ஒரு ஈடு உண்டு: ஆயுள். மற்றவர்கள் ஒரு ஆட்டத்தில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடுகிறார்கள். கீப்பர் அதில் பாதிதான். வேகம் குறைந்தாலும் எங்கே நிற்பது என்ற அறிவு கூடிக்கொண்டே போகும். இத்தாலியின் டினோ ஸோஃப் 40 வயதில் கேப்டனாக உலகக் கோப்பையைத் தூக்கினார், 1982ல். பஃபோன் 17 வயதில் பார்மாவில் தொடங்கி 45ல் அதே பார்மாவில் முடித்தார். எகிப்தின் எஸ்ஸாம் அல் ஹதாரி 2018 உலகக் கோப்பையில் சவூதி அரேபியாவுக்கு எதிராக ஆடியபோது அவருக்கு வயது 45. உலகக் கோப்பையில் ஆடிய மிக வயதானவர் அவரே. வந்த வேகத்தில் ஒரு பெனால்டியையும் தடுத்தார். ஆனால் முதலாமவர் 40 வயதுவரை நின்றால் இரண்டாமவருக்கு என்ன வழி என்ற கேள்வியும் கூடவே வருகிறது.

ஓய்வுக்குப் பிறகு? பெரும்பாலும் கோல்கீப்பர் கோச். அதுவும் ஒரு அணிக்கு ஓரிருவர்தான். முழு அணிக்கும் கோச்சாக உயர்ந்த கீப்பர்கள் குறைவு. ஸோஃப் இத்தாலியை யூரோ 2000 போட்டியின் இறுதிவரை கூட்டிப்போனார். நுனோ எஸ்பிரிட்டோ சாண்டோ வுல்வ்ஸ், டாட்டனம், நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் என்று இங்கிலாந்தில் பெரிய பொறுப்புகளில் இருந்தவர். ஹூலென் லோபெடேகி ஸ்பெயினுக்கு கோச்சாக இருந்தார். அப்புறம் செவியாவோடு 2020ல் யூரோப்பா லீக் ஜெயித்தார். இதில் நுனோ, போர்ச்சுகலின் போர்ட்டோ கிளப்பில் வீட்டோர் பையாவுக்குப் பின்னால் காத்திருந்த கீப்பர். 2004ல் அந்த அணி சாம்பியன்ஸ் லீகை ஜெயித்தபோது இறுதி ஆட்டத்தில் இறங்காமலே பதக்கம் வாங்கியவர். லோபெடேகியும் ரியல் மாட்ரிட், பார்சலோனா இரண்டிலும் இருந்து, இரண்டிலும் சொற்ப ஆட்டங்களே ஆடியவர். ஆட்டத்தை உட்கார்ந்து பார்த்துப் பார்த்தே இவர்கள் கற்றுக்கொண்டார்கள் என்று எனக்கு ஒரு எண்ணம். இரண்டு பேரை வைத்து விதி எழுத முடியாதுதான். ஆனால் போர்ட்டோவின் பெஞ்சில் நுனோவுக்குப் பக்கத்தில் இருந்த கோச், பிற்பாடு உலகப் புகழ் பெற்ற மொரீன்யோ என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.